சூடானதும் நகர மறுக்கும் புல்வெட்டி: ஜீரோ-டர்ன் இயந்திரத்தின் ‘ஹைட்ரோ’வைக் காப்பாற்றுவது எப்படி?

“என்ஜின் ஸ்டார்ட் ஆகுது. பிளேடு சுத்துது. ஆனா வண்டி மட்டும் நகர மாட்டேங்குது.”

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் வீடு வாங்கிக் குடியேறிய நண்பரோ உறவினரோ உங்களுக்கு இருந்தால், ஏதாவது ஒரு சனிக்கிழமை இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பீர்கள். அடுத்து காதில் விழும் வார்த்தை இன்னும் கசப்பானது: “ஹைட்ரோ போச்சு.” அதாவது, இயந்திரத்தின் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் பழுதாகிவிட்டது. ஒரு பக்கத்துக்கு மட்டும் புதிதாக மாற்றவே சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரம் டாலருக்கு மேலும் போகலாம். பழைய இயந்திரமாக இருந்தால், “இதுக்குப் புதுசே வாங்கிடலாமே” என்ற எண்ணம் வந்துவிடும்.

ஆனால் ‘போச்சு’ என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. நிஜமாகவே போயிருந்தாலும் அதற்கு வழக்கமான காரணங்கள் சூடு, பழைய ஆயில், அழுக்கு ஆகியவைதான். மூன்றுமே தடுக்கக்கூடியவை. இதில் பணத்தைவிடப் பெரிய விஷயமும் ஒன்று உண்டு. இந்த இயந்திரத்தில் டிரான்ஸ்மிஷன்தான் பிரேக், அதுதான் ஸ்டியரிங். அது பலவீனமாக இருக்கும்போது சரிவில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஜீரோ-டர்ன் என்றால் என்ன?

அமெரிக்காவில் வீட்டு முற்றம், பூங்கா, கோல்ஃப் மைதானம் என்று புல்தரை பரந்து கிடக்கிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பரப்பைச் சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். பல நகரங்களில் புல் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வளர்ந்தால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் வரும், அபராதமும் வரும். எனவே புல்வெட்டுவது அங்கே பொழுதுபோக்கு அல்ல, கடமை. அதை நம்பிப் பிழைக்கும் சிறு தொழில்காரர்களும் ஏராளம்.

இந்த வேலைக்காக 1960-களின் தொடக்கத்தில் கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ரீஜியர் உருவாக்கியதுதான் ஜீரோ-டர்ன் வகை இயந்திரம். சாதாரண டிராக்டர் மாதிரி இதில் ஸ்டியரிங் வட்டு இருக்காது. உட்கார்ந்திருப்பவரின் இரு கைகளுக்கும் ஒவ்வொரு லீவர் இருக்கும். இடது லீவர் இடது பின்சக்கரத்துக்கு, வலது லீவர் வலது பின்சக்கரத்துக்கு. முன்சக்கரங்கள், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் இருப்பதுபோல, இழுத்த பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இரண்டு லீவரையும் சமமாக முன்னே தள்ளினால் வண்டி நேராகப் போகும். ஒன்றைக் குறைத்தால் அந்தப் பக்கம் திரும்பும். ஒன்றை முன்னேயும் மற்றொன்றைப் பின்னேயும் நகர்த்தினால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். திரும்புவதற்குத் தனியாக இடமே தேவையில்லை என்பதால்தான் ‘ஜீரோ-டர்ன்’. வீட்டு உபயோக மாடல்கள் பொதுவாக 3,000 டாலர் அளவில் தொடங்குகின்றன. தொழில்முறை மாடல்கள் 10,000 டாலரைத் தாண்டும்.

ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக, நினைத்த வேகத்தில், முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றுவதெல்லாம் இங்கே சரிப்பட்டு வராது. அதனால்தான் பெரும்பாலான ஜீரோ-டர்ன்களில் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் இருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு.

ஆயில் எப்படிச் சக்கரத்தை ஓட்டுகிறது?

கொள்கை ரொம்ப எளிது. ஒரு பக்கம் பம்ப், மறுபக்கம் மோட்டார், நடுவில் ஆயில். என்ஜினிலிருந்து வரும் பெல்ட் பம்பைச் சுற்றுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தத்தோடு மோட்டாருக்குத் தள்ளுகிறது. மோட்டார் சுழன்று சக்கரத்தை ஓட்டுகிறது. ஆயில் மறுபடியும் பம்புக்கே திரும்பி வருகிறது. இங்கே மோட்டார் என்பது கரண்டில் ஓடுவது அல்ல, ஆயில் அழுத்தத்தில் ஓடுவது.

வேகமும் திசையும் எப்படி மாறுகின்றன? பம்புக்குள் ஓர் உருளை சுழல்கிறது. அதில் வட்டமாகச் சில துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு சின்ன பிஸ்டன். இந்த பிஸ்டன்களின் முனைகள் சாய்க்கக்கூடிய ஒரு தட்டின்மேல் உரசியபடி சுற்றி வருகின்றன. தட்டு நேராக இருந்தால் பிஸ்டன்கள் உள்ளே-வெளியே அசையாது, ஆயில் போகாது, வண்டி நிற்கும். தட்டைக் கொஞ்சம் சாய்த்தால் பிஸ்டன்கள் அசையத் தொடங்கும், ஆயில் பாயும். சாய்வு கூடக் கூட வேகம் கூடும். தட்டை எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஆயில் எதிர்த் திசையில் ஓடும், அதாவது ரிவர்ஸ்.

நீங்கள் கையில் பிடித்திருக்கும் லீவர் செய்வதெல்லாம் இந்தத் தட்டைச் சாய்ப்பதுதான். என்ஜின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற எல்லாவற்றையும் தட்டின் கோணம் பார்த்துக்கொள்ளும்.

இதோடு ‘சார்ஜ் பம்ப்’ என்று ஒரு குட்டிப் பம்பும் உண்டு. சுற்றில் ஓடும் ஆயில் உள்ளுக்குள் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் குறையை உடனுக்குடன் ஈடுசெய்வது இதன் வேலை. இந்தக் கசிவு பழுதல்ல. உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று நேரடியாக உரசாமல் இருக்க ஒரு மெல்லிய ஆயில் படலம் வேண்டும், அதற்காக வடிவமைப்பிலேயே விடப்பட்ட இடைவெளி அது. தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. இந்த டிரான்ஸ்மிஷனின் ஆயுள் முழுக்க அந்தப் படலத்தை நம்பித்தான் இருக்கிறது.

இதுவே பிரேக் என்றால்?

காரில் டிரான்ஸ்மிஷன் கோளாறு செய்தாலும் கால் பிரேக் தனியாக இருக்கிறது. பெரும்பாலான ஜீரோ-டர்ன்களில் அப்படி ஒன்று கிடையாது. பார்க்கிங் பிரேக் உண்டு. ஆனால் அது நின்ற வண்டியைப் பிடித்து வைக்க மட்டுமே. ஓடும்போது வண்டியை நிறுத்துவது, லீவரை நடுவுக்குக் கொண்டுவரும்போது ஆயில் ஓட்டம் நிற்பதால்தான். சக்கரம் சுழல வேண்டுமானால் ஆயில் நகர வேண்டும், நகர வழியில்லை, ஆகவே சக்கரம் நிற்கிறது.

இப்போது உள்ளே தேய்ந்துபோன ஒரு டிரான்ஸ்மிஷனை நினைத்துப் பாருங்கள். லீவரை நடுவில் வைத்தாலும் ஆயில் இடைவெளிகள் வழியாகக் கசிந்து ஓடும். சமதளத்தில் இது பெரிதாகத் தெரியாது. சரிவில் வண்டி மெதுவாக இறங்கத் தொடங்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வண்டி தானாகவே திரும்பவும் செய்யும்.

பல கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் சரிவான இடத்தில் ஓட்டக் கூடாது என்கின்றன. சில மாடல்களுக்கு வரம்பு அதைவிடக் குறைவு. குளம், ஓடை, தடுப்புச்சுவர் பக்கத்தில் ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கும். வண்டி கவிழ்ந்து அடியில் சிக்குவது இந்த இயந்திரங்களில் உயிர் போகும் விபத்து. எனவே “கொஞ்சம் இழுவை கம்மியா இருக்கு, இந்த சீசன் ஓட்டிடலாம்” என்ற சமாளிப்பு, மேடுபள்ளமான இடத்துக்குப் பொருந்தாது.

முதல் எதிரி: சூடு

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான்: “முதல் அரை மணி நேரம் நல்லாத்தான் ஓடுது. அப்புறம் மேட்டுல ஏற மாட்டேங்குது. ஆற வெச்சு எடுத்தா மறுபடி ஓடுது.”

வாணலியில் ஊற்றும் நல்லெண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். ஊற்றும்போது கொழகொழவென்று இருக்கும். காய்ந்ததும் தண்ணீர் மாதிரி ஓடும். டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அப்படியே. சூடேறினால் நீர்த்துப்போகிறது. நீர்த்த ஆயில் அந்தச் சின்ன இடைவெளிகள் வழியாக எளிதாக நழுவுகிறது. பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு பகுதி சக்கரத்துக்குப் போகாமல் உள்ளேயே வீணாகிறது. அப்படி வீணாகும் ஆற்றல் மீண்டும் சூடாக மாறுகிறது. சூட்டினால் கசிவு, கசிவினால் மேலும் சூடு என்று இது ஒரு சுழல்.

புதிய டிரான்ஸ்மிஷனில் இடைவெளி குறைவு என்பதால் இது தெரியாது. தேய்மானம் கூடக் கூட, ஆயில் பழசாகப் பழசாக, “அரை மணி நேரம்” என்பது இருபது நிமிடமாகும், பிறகு பத்து நிமிடமாகும்.

பெரும்பாலான மாடல்களில் சூட்டைத் தணிக்க இருப்பது ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஃபேன். பம்பின் தலையில், பெல்ட் புல்லிக்கு மேலேயோ கீழேயோ அமர்ந்திருக்கும். கல் பட்டோ குச்சி சிக்கியோ அதன் இறகு உடைந்தால் வண்டி உடனே நிற்காது. அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. சுற்றிலும் காய்ந்த புல்தூள் அப்பிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். டிரான்ஸ்மிஷன் வீட்டின்மேல் படியும் புல்லும் மண்ணும் கம்பளி போர்த்தியது மாதிரி, சூடு வெளியேற வழியிருக்காது.

இரண்டாவது எதிரி: பழைய ஆயிலும் அழுக்கும்

புதிய இயந்திரம் ஓடத் தொடங்கும்போது பாகங்கள் ஒன்றோடொன்று பழகும். அப்போது நுண்ணிய உலோகத் துகள்கள் உதிரும். அதனால்தான் முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வருகிறது. இல்லினாய் மாநிலத்தில் இயங்கும் ஹைட்ரோ-கியர் நிறுவனம் இந்தத் துறையில் பெரிய பெயர். பல பிராண்டுகளின் உள்ளே இருப்பது அதன் தயாரிப்புதான். ஆயில் மாற்றக்கூடிய அதன் மாடல்கள் பலவற்றுக்கு முதல் மாற்றம் 75 முதல் 100 மணி நேரத்துக்குள், அதன் பிறகு 400 மணி நேரத்துக்கு ஒருமுறை. உங்கள் மாடலுக்கான கணக்கு கையேட்டில் இருக்கும், அதுவே இறுதி.

இந்த மணிக்கணக்கு யாருக்கு என்ன பொருள் தருகிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம், வருடத்துக்கு 30 வாரம் ஓட்டுகிறார் என்றால் வருடத்துக்கு 30 மணி நேரம். தொழில்காரர் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரம் 5 நாள் ஓட்டினால் வாரத்துக்கே 30 மணி நேரம். அதாவது வீட்டுக்காரரின் ஒரு வருடம், தொழில்காரருக்கு ஒரு வாரம். முதல் 75 மணி நேரம் வீட்டுக்காரருக்கு இரண்டரை வருடத்திலும், தொழில்காரருக்கு இரண்டரை வாரத்திலும் வந்துவிடும்.

இரண்டு பேருமே கோட்டை விடுவதும் இந்த இடத்தில்தான். தொழில்காரர் வேலை மும்முரத்தில் தள்ளிப்போடுகிறார். வீட்டுக்காரருக்கோ இரண்டரை வருடம் கழித்து அப்படி ஒரு வேலை இருந்ததே நினைவிருக்காது.

அழுக்கைவிட மோசமானது தண்ணீர். பிரஷர் வாஷரை நேராக டிரான்ஸ்மிஷன் சீல்கள்மேல் பீய்ச்சினால் தண்ணீர் உள்ளே போக வாய்ப்பு உண்டு. ஆயில் தொட்டியில் பார்க்கும்போது பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் கலந்த ஆயில் அந்த மெல்லிய படலத்தைத் தாங்காது. உடனே மாற்ற வேண்டும்.

மூன்றாவது எதிரி: காற்று

ஆயிலை அழுத்த முடியாது, காற்றை அழுத்த முடியும். இந்த ஒரு வேறுபாடுதான் பிரச்சினை. சுற்றில் காற்றுக் குமிழ் புகுந்தால் பம்பின் உழைப்பு குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். வண்டி வெட்டி வெட்டி நகரும். ஒரு கீச்சென்ற முனகல் சத்தம் வரும். தொட்டியில் நுரை தெரியும். ஆயில் மட்டம் குறைந்தாலோ, ஆயில் மாற்றியபின் காற்றை வெளியேற்றாமல் விட்டாலோ இது நடக்கும். ஆயில் மாற்றிய கையோடு “மாத்துறதுக்கு முன்னாடியே நல்லா இருந்துச்சே” என்று பலர் பதறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் காற்றுதான்.

‘போச்சு’ என்பதற்கு முன்: வரிசையாகப் பார்க்க வேண்டியவை

நல்ல மெக்கானிக் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவார். அதற்கு ஜீரோ-டர்னிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு டிரான்ஸ்மிஷன்கள் அருகருகே இருக்கின்றன. பல மாடல்களில் இரண்டையும் ஓட்டுவது ஒரே பெல்ட். ஆகவே முதல் கேள்வி: இரண்டு பக்கமும் பலவீனமா, ஒரு பக்கம் மட்டுமா?

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பலவீனமானால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைச் சந்தேகியுங்கள். இரண்டு டிரான்ஸ்மிஷன்கள் சொல்லி வைத்தாற்போல ஒரே நாளில் கெடுவது அபூர்வம். பெல்ட் தேய்ந்து பளபளப்பாகி வழுக்குகிறதா? பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா? அந்த இழுவைப் புல்லியின் கை துருப்பிடித்து அசையாமல் நிற்கிறதா? பெல்ட் விலை டிரான்ஸ்மிஷன் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஒரு பக்கம் மட்டும் என்றால், அந்தப் பக்கத்தை மட்டும் இந்த வரிசையில் பாருங்கள்:

1. பைபாஸ் வால்வ்: என்ஜின் ஓடாதபோது வண்டியைத் தள்ளி நகர்த்த, ஒவ்வொரு டிரான்ஸ்மிஷனிலும் ஒரு பைபாஸ் லீவர் இருக்கும். அதைத் திறந்தால் ஆயில் குறுக்கு வழியில் சுற்றும், சக்கரம் ஃப்ரீயாகிவிடும். வண்டியைத் தள்ளிவிட்டு, ஒரு பக்கம் மூட மறந்தால் அந்தப் பக்கம் நகரவே நகராது. சில சமயம் முழுசாக மூடாமல் பாதியில் நிற்கும். ஒரு பைசா செலவில்லாத ‘ரிப்பேர்’ இது. ஆனால் எச்சரிக்கை: சரிவில் நிற்கும்போது பைபாஸைத் திறக்கவே கூடாது. திறந்த நொடியில் பிடிமானம் போய்விடும்.

2. பார்க்கிங் பிரேக்: முழுவதும் விடுபடாமல் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கம் சக்கரம் இழுத்துப் பிடித்த மாதிரி ஓடும், சீக்கிரம் சூடாகும்.

3. டயர் காற்று: வண்டி நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் இரண்டு பின்சக்கரங்களிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் பிறகு லீவர் கம்பிகளின் அட்ஜஸ்ட்மென்ட்.

4. லீவர் கம்பிகள்: இணைப்பில் போல்ட் தளர்ந்தால் லீவரை முழுவதும் தள்ளினாலும் உள்ளே தட்டு முழுசாகச் சாயாது. நடுவில் விட்டபிறகும் வண்டி ஊர்ந்தால் நியூட்ரல் அட்ஜஸ்ட்மென்ட் மாறியிருக்கலாம்.

5. ஆயில் மட்டமும் நிறமும்: இயந்திரம் ஆறிய நிலையில் தொட்டியில் உள்ள ‘கோல்ட்’ கோட்டுக்கு இருக்கிறதா? சூடாக இருக்கும்போது ஆயில் விரிவடைந்து மட்டம் கூடித் தெரியும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

6. ஃபேன்: இறகுகள் முழுசாக இருக்கின்றனவா? மற்ற பக்கத்து ஃபேனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்து, ஆயிலும் புதிதாக மாற்றி, காற்றையும் வெளியேற்றிய பிறகும் சூடானதும் இழுவை போகிறது என்றால் அப்போதுதான் உள்தேய்மானம். பழைய ஆயிலை வடிக்கும்போது அதில் மினுமினுப்பான உலோகத் தூள் கணிசமாகத் தெரிந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

ஆயில் மாற்றுவது எப்படி?

ஆயில் ஃபில்டர் வெளியே தெரியும் மாடல்களில் இதை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு பக்கத்துக்கும் ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 100 டாலருக்குள் முடியும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு ஆற விடுங்கள். டிரான்ஸ்மிஷனைச் சுற்றியுள்ள மண்ணையும் புல்லையும் முதலில் துடைத்துவிடுங்கள். திறந்தபின் ஒரு சிட்டிகை மண் உள்ளே விழுந்தாலும் செய்த வேலை வீண். பின்பக்கத்தைத் தூக்குவதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள்.

பல மாடல்களில் தனியாக டிரெயின் பிளக் கிடையாது. ஃபில்டரைக் கழற்றினாலே ஆயில் வடிந்துவிடும். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவிப் பொருத்துங்கள். டிரான்ஸ்மிஷனின் மேலே காற்று வெளியேறும் பிளக் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு தொட்டி வழியாக ஆயிலை மெதுவாக ஊற்றுங்கள். அந்தத் துளையில் ஆயில் எட்டிப் பார்க்கும்போது பிளக்கை மூடிவிட்டு, தொட்டியில் கோட்டுக்கு நிரப்புங்கள்.

என்ன ஆயில்? பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஹைட்ராலிக் ஆயில் அல்ல. பல மாடல்களுக்கு 20டபிள்யூ-50 என்ஜின் ஆயில்தான். பின்னால் உள்ள 50 என்பது ஆயில் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிக்கும் தரம். சூட்டிலும் ரொம்ப நீர்த்துப்போகக் கூடாது என்பதுதான் இங்கே தேவை. சில மாடல்களுக்கு சிந்தெடிக் ஆயிலைக் குறிப்பிட்டுச் சொல்வார்கள். கையேடு சொல்வதை ஊற்றுங்கள். கையில் இருக்கிறதே என்று வேறு ஒன்றைக் கலக்க வேண்டாம்.

கடைசியாக, காற்றை வெளியேற்றும் வேலை. பின்சக்கரங்கள் தரையைத் தொடாமல் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். பக்கத்தில் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. முதலில் பைபாஸைத் திறந்து வைத்து, என்ஜினை ஓடவிட்டு, லீவர்களை முன்னும் பின்னும் மெதுவாக ஐந்தாறு முறை நகர்த்துங்கள். என்ஜினை அணைத்து, பைபாஸை மூடிவிட்டு மறுபடி அதேபோல ஐந்தாறு முறை. காற்று வெளியேற வெளியேற ஆயில் மட்டம் இறங்கும், பார்த்து நிரப்புங்கள். சத்தம் அடங்கி, இரண்டு பக்கமும் சீராக ஓடும்வரை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அவசரப்பட்டு ஒரே சுற்றோடு எழுந்துவிடாதீர்கள்.

‘ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்’ என்றால்?

விலை குறைந்த வீட்டு உபயோக மாடல்கள் பலவற்றில் டிரான்ஸ்மிஷன் சீல் செய்யப்பட்டே வருகிறது. ஃபில்டர் இல்லை, டிரெயின் இல்லை. “மெயின்டனன்ஸே வேண்டாம்” என்பது விற்பனைக் கவர்ச்சி. ஆனால் அந்த ‘ஆயுள்’ இயந்திரத்தின் ஆயுளே தவிர, உங்கள் ஆயுள் அல்ல. வாரம் ஒரு மணி நேரம் சமதளத்தில் ஓட்டும் வீட்டுக்கு அது போதுமான ஏற்பாடு. அதே மாடலை வாங்கி, சரிவான இரண்டு ஏக்கரில் ஓட்டினாலோ, பக்கத்து வீடுகளுக்கும் காசுக்கு வெட்டிக் கொடுத்தாலோ கணக்கு தப்பும்.

சீல் செய்த மாடல் வைத்திருப்பவருக்கு ஆயில் கையில் இல்லை. ஆனால் சூடு கையில் இருக்கிறது. ஃபேனையும் சுற்றுப்புறத்தையும் சுத்தமாக வையுங்கள். பெல்ட்டைப் பாருங்கள். பாரமான டிரெய்லரை இழுக்க வைக்காதீர்கள். வாங்கும்போதே உங்கள் இடத்தின் அளவு, சரிவு இரண்டையும் பார்த்து, ஆயில் மாற்றக்கூடிய மாடல் தேவையா என்று முடிவு செய்யுங்கள். கடையில் பிளேடின் அகலத்தையும் என்ஜினின் குதிரைத்திறனையும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். டிரான்ஸ்மிஷன் மாடல் எண்ணை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஓட்டும் பழக்கத்தில் மாற்ற வேண்டியவை

என்ஜினைப் பாதுகாப்பதாக நினைத்துப் பாதி த்ராட்டிலில் ஓட்டுவது பலரின் வழக்கம். இது எதிர்மறையான பலன் தரும். பம்ப், சார்ஜ் பம்ப், ஃபேன் மூன்றும் என்ஜின் வேகத்தை நம்பியவை. இந்த இயந்திரங்களின் என்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்று அளவில் ஓடுவதற்காக அமைக்கப்பட்டது. வேகத்தைக் குறைத்தால் காற்றோட்டமும் குறையும். எனவே த்ராட்டில் முழுசாக இருக்கட்டும். மெதுவாகப் போக வேண்டுமானால் லீவரைக் குறையுங்கள்.

லீவரை முன்னிலிருந்து பின்னுக்கு வெடுக்கென்று இழுப்பது, சக்கரம் எதிலாவது முட்டி நிற்கும்போதும் தள்ளிக்கொண்டே இருப்பது இரண்டும் உள்ளே அழுத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும். பைபாஸைத் திறக்காமல் வண்டியைக் கட்டி இழுப்பதும் அப்படியே.

பழைய இயந்திரம் வாங்குகிறீர்களா? விற்பவர் ஸ்டார்ட் செய்து இரண்டு சுற்று காட்டுவதில் ஒன்றும் தெரியாது. ஆறிய டிரான்ஸ்மிஷன் நல்லபிள்ளையாகத்தான் நடக்கும். அரை மணி நேரம் ஓட்டியபின், லேசான மேட்டில் முன்னேயும் பின்னேயும் ஏற்றிப் பாருங்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

பேட்டரி வந்தால் இதெல்லாம் போய்விடுமா?

பேட்டரியில் ஓடும் ஜீரோ-டர்ன்களில் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் நேரடியாக மின்மோட்டார். ஹைட்ரோ ஆயிலும் இல்லை, அதை ஓட்டும் பெல்ட்டும் இல்லை. விலையும் பேட்டரியின் தாக்குப்பிடிக்கும் நேரமும் வேறு கணக்கு.

ஆனால் ஹைட்ரோஸ்டாட்டிக் தொழில்நுட்பம் புல்வெட்டியோடு முடிந்துவிடுவதில்லை. நம் ஊர் வயல்களில் இறங்கும் நெல் அறுவடை இயந்திரங்கள் பலவற்றிலும், சாலை போடும் ரோலர்களிலும் இருப்பது இதே பம்ப்-மோட்டார் ஏற்பாடுதான். அளவு பெரிது, தனியாகக் கூலர் இருக்கும்; ஆனால் எதிரிகள் அதே மூவர்: சூடு, அழுக்கு, காற்று.

ஆக, செய்ய வேண்டியது மூன்றே வேலை. ஒவ்வொரு முறை வெட்டி முடித்ததும், என்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஃபேன் பக்கம் ஒரு தட்டுத் தட்டிப் புல்தூளை எடுப்பது. சீசன் தொடங்கும்போது பெல்ட்டையும் ஆயில் மட்டத்தையும் பார்ப்பது. ஆயில் மாற்றக்கூடிய மாடல் என்றால், மாற்றிய அன்றே ஒரு மார்க்கர் பேனாவால் ஃபில்டர்மேல் தேதியையும், அப்போது மீட்டர் காட்டிய மணி நேரத்தையும் எழுதி வைப்பது. இரண்டரை வருடம் கழித்து ஞாபகம் இருக்காது. ஃபில்டர்மேல் எழுதியது இருக்கும்.